தொண்ணூறு நாளும் ஒரு வருசமும்

அன்றைக்கு அந்த வாசலில் இருந்தவர்கள்: ஓடைப்பட்டிப் பக்கத்துத் திராட்சைக்காரர்கள் முப்பத்தாறு பேர், அவர்களில் ஒருவராக என் அப்பா, பாடையில் முதலாளி, அவர் மனைவி, மனைவியின் தம்பி, திண்டுக்கல் பக்கமிருந்து காரில் வந்த அட்டைப்பெட்டி வியாபாரிகள் மூன்று பேர். இல்லாதவர்கள்: எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்து அத்தை, முதலாளிக்குக் கடன் கொடுத்த பேங்க், அப்புறம் நான்.

அத்தை வராததற்குக் காரணம் இருந்தது. நான்கு நாள் முன்னால்தான் அவருடைய மகளுக்குப் பெரியகுளம் ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகியிருந்தது. பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற கையோடு கேத வீட்டுக்குப் போவதில்லை. நான் சென்னையில் இருந்தேன். ஆகவே அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் முப்பத்தாறு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

முதலாளி என்று நாங்கள் சொல்வது கம்பம் போகிற ரோட்டில் குளிர்பதனக் கிட்டங்கி வைத்து, பள்ளத்தாக்கின் திராட்சையை வாங்கி வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தவரை. பிரைவேட் லிமிடெட் கம்பெனி. பதினைந்து வருடம் ஒழுங்காகப் பணம் கொடுத்தார். புதிதாக இரண்டு குளிர் அறை கட்டப் பெரிய கடன் வாங்கினார். இரண்டு வெள்ளாமை மழையில் பழம் வெடித்து வீணாய்ப் போனது. தவணை நின்றது. பேங்க் தீர்ப்பாயத்துக்குப் போனது. கம்பெனியைத் திவால் நடவடிக்கையில் எடுத்துக்கொண்டதாக உத்தரவு வந்த ஐந்தாம் நாள் காலை, குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பாடையைத் தூக்கும் நேரத்தில்தான் அட்டைப்பெட்டி வியாபாரிகள் வந்து மறித்தார்கள். "எங்க பாக்கிய யாரு குடுப்பாகன்னு ஒரு பதிலச் சொல்லிட்டு எடுங்க" என்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பாடை தரையில் இருந்தது. முதலாளியின் மச்சினர் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் கீழே பார்த்துக்கொண்டு நின்றாராம். உள்ளேயிருந்து முதலாளியின் மனைவி, அந்த அம்மா, வெளியே வந்து, மூன்று பேரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அதைத்தான் எங்கள் ஆட்களால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

முப்பத்தாறு பேரில் மூத்தவர், எனக்குப் பெரியப்பா முறை, முன்னால் வந்தார்.

"ஒங்களுக்கு எவ்வளவு வரணும்?"

அவர்கள் சொன்னார்கள்.

"எங்களுக்கு அதுல பல மடங்கு வரணும். நாங்களே நிக்கிறோம்ல? ஒங்களுக்கு என்ன அவசரம்?"

"நீங்க உள்ளூரு. நாளைக்கே கோர்ட்டுல போயி நின்டுக்கிருவீக. நாங்க எங்க போறது?"

பெரியப்பா யாரையும் கலந்துகொள்ளவில்லை. தலைமாட்டுத் தட்டில் இருந்த சூடத்தில் ஒரு வில்லையை எடுத்து வாசல் கல்லில் வைத்துப் பற்றவைத்தார். "இந்த வீட்டுல வருசம் திரும்பித் தலைத்திவசம் முடியிற வரைக்கும் நாங்க பாக்கி கேக்க மாட்டோம். கேசுக்குப் போக மாட்டோம். எந்தப் பேப்பர்லயும் கை வைக்க மாட்டோம். இது சத்தியம்" என்று சொல்லிப் பெருவிரலால் அமர்த்தி அணைத்தார். பின்னாலேயே அடுத்தவர். ஆளுக்கு ஒரு வில்லை. பாதியில் சூடம் தீர்ந்துபோய்க் கடைக்கு ஆள் ஓடியது. அப்பா பத்தொன்பதாவதாகவோ இருபதாவதாகவோ அமர்த்தியிருக்கிறார். அந்த மூன்று பேரும் விலகி வழிவிட்டார்கள். பாடை எழுந்தது.

நான் திவால் சட்டமும் கம்பெனி வழக்கும் பார்க்கிற வக்கீல். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். வக்கீல் என்றதும் ஊரில் எல்லோரும் நிலத்து வழக்கு, அடிதடி வழக்கு என்று நினைத்தார்கள். இல்லை, கம்பெனி நொடித்துப்போனால் யாருக்கு என்ன போய்ச் சேரும் என்பதைப் பார்க்கிற வேலை என்று சொன்னபோது மாமா ஒருவர் கேட்டார்: "அப்ப நீ கம்பெனிக்குக் கருமாதி பண்ற ஆளா மாப்ள?" அது அப்படியே பெயராக நின்றுவிட்டது. தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் யாராவது ஒருவர், "கருமாதி வக்கீலு வந்துட்டாருப்பா" என்பார். நானும் சிரித்துக்கொள்வேன். அவர் சொன்னதில் பெரிய தப்பும் இல்லை.

திவால் நடவடிக்கை தொடங்கினால் கம்பெனி முதலாளி கையை விட்டுப் போய்விடும். தீர்ப்பாயம் ஒரு அதிகாரியைப் போடும். எங்கள் தொழிலில் அவரை ஆர்.பி. என்போம். யார் யாருக்குக் கம்பெனி பாக்கி வைத்திருக்கிறதோ அவர்கள் எல்லோரும் அவரிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லி அவர் பத்திரிகையில் அறிவிப்புப் போடுவார். அதுதான் க்ளெய்ம். அதற்குக் கெடு தொண்ணூறு நாள். எழுதிக் கொடுத்து, அவர் பட்டியலில் ஏறியவர்களுக்குத்தான் கடைசியில் ஏதாவது கிடைக்கும். பட்டியலில் இல்லாதவருக்குப் பாக்கி என்பதே இல்லாமல் போய்விடும்.

அறிவிப்பு தமிழ்ப் பத்திரிகையிலும் வந்திருந்தது. எங்கள் ஊருக்கும் வந்தது. பழப்பெட்டியில் அடியில் விரிக்கப் பழைய பேப்பரைக் கிலோக் கணக்கில் வாங்குவார்கள். அந்த அறிவிப்பின் மேல் பன்னீர் திராட்சையை அடுக்கிக் கேரளாவுக்கு அனுப்பியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நான் சென்னையில் அதைப் பார்த்தேன். எங்கள் ஆபீஸ் அந்த வழக்கில் யாருக்கும் ஆஜராகவில்லை என்பதால் சீனியரிடம் சொல்லிவிட்டு, முப்பத்தேழு படிவங்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எங்கள் பந்தலுக்குக் கீழேயே எல்லோரையும் கூட்டினார் அப்பா. சத்தியம் பண்ணியது எனக்குத் தெரியும். அது முதலாளி வீட்டுக்குப் பண்ணிய சத்தியம், கம்பெனிக்கு இல்லையே என்பதுதான் என் கணக்கு.

"முதலாளி வேற, கம்பெனி வேற" என்று ஆரம்பித்தேன்.

"எப்பிடிரா வேற? போர்டுல அவரு பேருதான இருக்கு?"

"சட்டப்படி கம்பெனி தனி ஆளு சித்தப்பா. அதுக்குன்னு தனிச் சொத்து, தனிக் கடன்."

"தனி ஆளா? அப்ப கேதத்துக்கு அந்தாளு வந்தானா? நா பாக்கலையே."

பந்தல் முழுக்கச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, கோர்ட்டில் பேசுவதுபோல நிதானமாகச் சொன்னேன். இது கேஸ் இல்லை. அந்த அம்மா பெயர் இதில் எங்கேயும் வராது. ஆர்.பி.யிடம், எனக்கு இவ்வளவு வரவேண்டும் என்று எடைச் சிட்டையை இணைத்து எழுதிக் கொடுப்பது, அவ்வளவுதான். எழுதாவிட்டால் மொத்தம் நாற்பத்தெட்டு லட்சத்து அறுபதாயிரமும் போய்விடும்.

பெரியப்பா கடைசிவரை கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எழுதிக் குடுத்தா அது கேட்டதா ஆகுமா, ஆகாதா?"

"கேட்டதாத்தான் ஆகும்" என்றேன்.

"பேப்பர்ல கை வைக்கணுமா?"

"வைக்கணும்."

"அப்பறம் ஏண்டா சுத்தி வளைக்கிற?"

ஆகாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு பொய், முப்பத்தாறு பேருக்கும் நல்லது செய்கிற பொய். பிற்பாடு இதைக் கேட்ட சீனியர், "சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்றுதான் சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் என்னைக் கேட்டதே நான் படித்தவன் என்பதற்காக. படித்த வாயிலிருந்து வந்தால் நம்பியிருப்பார்கள் என்பது தெரிந்ததால்தான் வரவில்லையோ என்னவோ.

எல்லோரும் எழுந்து போனார்கள். ஓரத்தில் கல்தூணில் சாய்ந்து நின்றிருந்த அத்தை மட்டும் போகவில்லை.

"மருமகனே, நா சூடம் அமத்தலையே?"

"இல்ல அத்தை. நீங்கதான் வரவே இல்லையே."

"அப்ப நா எழுதலாமா?"

பெரியப்பா போகிற வழியில் நின்று திரும்பிப் பார்த்தார். "எழுது ஆத்தா. ஒன்னிய எந்தச் சத்தியம் தடுக்குது? பேரன் பொறந்த நேரம், ஒனக்காவது வரட்டும்" என்றார். அதில் குத்தல் இல்லை. அத்தை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். முப்பத்தேழில் ஒன்று. மிச்சத்தை நான் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு வரவேண்டியது இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம். அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருந்தது. எங்கள் பந்தல் அப்பா கல்யாணம் ஆன வருடம் போட்டது. கல்தூண்களில் பாதி கீறல் விட்டு, கம்பி துருப்பிடித்துத் தொய்ந்து, நடுவில் குனிந்துதான் போக வேண்டும். கொடியை வெட்டிவிடுகிற அடுத்த கவாத்துக்குள் தூணும் கம்பியும் மாற்றாவிட்டால் காய்ப் பாரத்துக்குப் பந்தல் கொடியோடு உட்கார்ந்துவிடும். முப்பது வருடத்துக் கொடி. அது விழுந்தால் அப்பா வாழ்க்கையில் இன்னொரு பந்தல் போடப் போவதில்லை. இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அறுபது நாள் தாண்டியபின் வாரா வாரம் போன் பண்ணினேன். "சாப்ட்டியா" என்பார். "படிவம்" என்று ஆரம்பித்தால், "அம்மா பேசணுங்குறா" என்று போனைக் கொடுத்துவிடுவார். எண்பத்தெட்டாம் நாள் நேரில் போய் நின்றேன். மத்தியானம். அப்பா தொய்ந்த கம்பிக்கு மூங்கில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னிடம் புதிதாக ஒரு விஷயம் இருந்தது. ஆர்.பி. ஆபீஸில் கம்பெனிக் கணக்கைப் பார்த்திருந்தேன்.

"அப்பா, ஒங்க கடைசி லோடை எடுக்கிறதுக்கு முந்தியே அவருக்கு பேங்க் நோட்டீஸ் வந்துருச்சு. குடுக்க முடியாதுன்னு தெரிஞ்சேதான் பழத்த எடுத்திருக்காரு."

அப்பா மூங்கிலை விடவில்லை. "எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்பிடி?"

"சிட்டை எப்பவும் கணக்குப்பிள்ளைதான் போடுவாரு. அன்னைக்கு முதலாளியே வந்து ஒக்காந்து போட்டாக. எழுத்துத் தெரியாட்டி என்ன, கை நடுங்குறதுமா எனக்குத் தெரியாது?"

"அப்பறம் ஏன் குடுத்தீக?"

"அறுத்து எறக்குன பழம்டா. திரும்பக் கொண்டாந்து கொடியிலயா மாட்டுறது?"

பையைத் திறந்து அவர் பெயர் எழுதிய படிவத்தையும் மைப் பெட்டியையும் மூங்கில் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பாவுக்குக் கைநாட்டுத்தான். ரேஷன் கடையில், சொசைட்டியில், என் கல்லூரிப் படிவத்தில், எல்லாவற்றிலும் அந்தப் பெருவிரல்தான்.

"இந்த வெரல்லதான்டா சூடத்த அமத்துனேன்" என்றார். விரலை நீட்டிக் காட்டவில்லை. மூங்கிலைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது. "நீ கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டவன். ஒனக்கு வேற வேற பேனா இருக்கும். எனக்கு இருக்கது இது ஒன்னுதான்."

அப்போது நான் சொன்னதை இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. "நாப்பத்தெட்டு லட்சத்தச் சூடத்துல வச்சுக் கொளுத்திட்டீக எல்லாரும். வெவரம் இல்லாதவுக வேற என்ன பண்ணுவீக" என்றேன். என்னைப் படிக்க வைத்தவரைப் பார்த்து, அவர் பந்தலுக்குள் நின்றுகொண்டு. அப்பா கோபப்படவில்லை. "ஏலே, அங்கன அந்த மூங்கில எடுத்துக் குடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். சாயங்கால பஸ்ஸில் சென்னைக்குத் திரும்பினேன். தொண்ணூறாம் நாள் போய்ச் சேர்ந்தது அத்தையின் படிவம் ஒன்றுதான்.

அடுத்த காய்ப்பில் பந்தலின் கிழக்குப் பாதி இறங்கியது. நான் ஊரில் இல்லை. அம்மாதான் போனில் சொன்னார். அப்பா விழுந்த கொடிகளை வெட்டி எடுத்துவிட்டு அந்தப் பாதியில் பீட்ரூட் போட்டார்.

பதினோராவது மாதம் கம்பெனியை வேறொருவர் எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்தது. அடுத்த மாதம் தலைத்திவசம் வந்தது. அதற்குள் அந்த அம்மாவின் வீடும் பேங்குக்குப் போயிருந்தது. கடனுக்கு அவரும் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். வாடகை வீட்டில்தான் திவசம் நடந்தது. இந்த முறை நான் இருந்தேன். முப்பத்தாறு பேரும் வந்திருந்தார்கள். அந்த அம்மாவே இலைக்கு இலை பரிமாறினார். பாக்கியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பாயசம் ஊற்றும்போது பெரியப்பாவின் இலை முன்னால் மட்டும் கொஞ்சம் நின்றார். "போதும்மா, ஊத்துங்க" என்றார் பெரியப்பா. போதும் என்கிறாரா, ஊற்றச் சொல்கிறாரா என்று புரியாமல் பக்கத்து இலைக்காரர் சிரிக்க, அந்த அம்மாவும் லேசாகச் சிரித்துவிட்டு ஊற்றினார்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டு வாசலில் எல்லோரும் சிட்டையோடு நின்றார்கள்.

"இப்பப் போடுறா கேச" என்றார் பெரியப்பா.

காலம் கடந்துவிட்டது, நிற்காது என்று அங்கேயே சொன்னேன். "நிக்குதா விழுகுதான்னு அவுக சொல்லட்டும். நாங்க கேக்காம விட்டதா இருக்கக் கூடாது" என்றார். தாமதத்தை மன்னிக்கக் கேட்டு மனுப் போட்டேன். முப்பத்தாறு கையெழுத்தும் கைநாட்டும், அதில் அப்பாவின் பெருவிரலும். மனு விசாரணைக்கு வந்த நாளில் பெரியப்பா, அப்பா, இன்னும் ஆறு பேர் ஒரு வேனில் சென்னைக்கு வந்தார்கள். நான் கறுப்புக் கோட்டும் கவுனுமாக நிற்பதை அப்பா பார்த்தது அன்றுதான் முதல் முறை. பின் வரிசையில், செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

விசாரணை ஆறேழு நிமிடம்தான். தாமதத்துக்குக் காரணம் என்ன என்று நீதிபதி கேட்டார். அறிவிப்பு கண்ணில் படவில்லை, படிப்பறிவு இல்லாதவர்கள் என்று சொல்வதுதான் வழக்கம். சிலசமயம் எடுபடும். ஆனால் அது நடந்தது அல்ல. பாடை மறித்தது, சூடம், ஒரு வருடம், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். சூடத்தை விளக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்து, கம்பெனி ஏற்கெனவே கைமாறிவிட்டதால் புதிய பாக்கி எதையும் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று எழுதினார். சட்டப்படி அது சரியான உத்தரவு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

வெளியே வராந்தாவில் அப்பா கேட்டார்.

"ஏன் லேட்டுன்னு கேட்டாரா?"

"கேட்டாரு."

"சூடம் அமத்துனதச் சொன்னியா?"

"சொன்னேன்."

"சிரிச்சாரா?"

"இல்லப்பா."

அப்பா தலையாட்டிவிட்டு, செருப்பைத் தேடப் போனார்.

இரண்டு மாதம் கழித்து அத்தைக்குப் பணம் வந்தது. பட்டியலில் ஏறிய சில்லறைப் பாக்கிக்காரர்களுக்கு நூற்றுக்கு எட்டு ரூபாய் என்று முடிவாகியிருந்தது. ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குப் பதினோராயிரத்து இருநூறு. அத்தை அந்தப் பணத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் அன்று ஊரில் இருந்தேன்.

"அண்ணே, எனக்கு மட்டும்னு வாங்க மனசு வரல. எல்லாருக்கும் பிரிச்சுருவமா?"

"முப்பத்தேழு பங்கு போட்டா ஆளுக்கு முந்நூறு வரும். பேரனுக்கு அரணாக்கொடி வாங்கிப் போடு போ" என்றார் அப்பா.

"ஒங்க சத்தியத்துக்கு நா தப்பிச்சுக்கிட்ட மாதிரி இருக்குண்ணே."

"நீ ஒன் பேரனத் தூக்கிட்டு இருந்த. நாங்க அவரத் தூக்கிட்டுப் போனோம். இதுல என்ன தப்பிக்கிறது?"

அத்தை பையை மடியில் வைத்துக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனார்.

சென்னைக்குத் திரும்பியதும் ஆர்.பி.யைப் போய்ப் பார்த்தேன். என் கட்சிக்காரர்கள் கெடுவுக்குள் எழுதிக் கொடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று கேட்டேன். "அவங்களுக்கும் அதே எட்டுதான் தம்பி" என்றார். நான் அந்தக் கணக்கை அதுவரை போட்டுப் பார்க்கவே இல்லை. என் தொழிலே அதுதான். இருந்தும், பந்தலுக்குக் கீழே நின்று அப்பாவிடம் நாற்பத்தெட்டு லட்சம் என்று கத்தினேனே தவிர, கடைசியில் கைக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. அவர் பங்குக்குப் பதினேழாயிரத்து இருநூறு வந்திருக்கும். நான்கைந்து தூண் மாற்றுவதற்குள் தீர்ந்திருக்கும். பந்தல் எப்படியும் இறங்கித்தான் இருக்கும்.

அதை அப்பாவிடம் போனில் சொன்னேன். நான் அன்றைக்குப் பேசியது தப்பு என்றும் சொன்னேன். அவர், "எல்லாத்தையும் கூட்டு. மொத்தம் எவ்வளவு போச்சுன்னு எங்காளுக கேப்பாக, சொல்லணும்ல" என்றார்.

கூட்டினேன். நூற்றுக்கு எட்டு வீதம் முப்பத்தாறு பேருக்கும் வராமல் போனது மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. அதோடு மனுக் கட்டணம், நோட்டரி, வேன் வாடகை, சென்னையில் எட்டுப் பேருக்குச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து நாற்பத்தோராயிரத்து முந்நூறு. ஆக மொத்தம் நான்கு லட்சத்து முப்பதாயிரத்து நூறு ரூபாய்.